கவுத்திப் போட்ட கல்

கஸ்பார் கடலுக்குப் போன எட்டாம் நாள், அவன் பெண்டாட்டி அமலி வாசலைத் தூத்தி முருங்கை மூட்டுல ஒதுக்கி வச்ச மண்ணு கல்லாப் போச்சு. அதை மொதல்ல கண்டது என் வீட்டுக் கோழிதான். புழு கிடைக்கும்னு வேலிக்கு அடியில நுழைஞ்சு போய் ஓங்கிக் கிளறுன கோழிக்கு நகம் பேந்து, ரத்தம் ஒழுக நொண்டிக்கிட்டு வந்துச்சு. மண்ணைக் கிளறுன கோழிக்கு எப்படி நகம் பேரும்னு வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தா, நேத்து வரைக்கும் பொலபொலன்னு கிடந்த குவியல், அம்மிக்கல்லு கணக்கா இறுகிப் போய்க் கிடக்கு. நான் ஒண்ணும் அதிசயப்படல. காலையில சிரிச்சுக்கிட்டுப் போன ஆம்பளை சாயங்காலம் வராமப் போற ஊர்ல மண்ணு கல்லாகுறதா பெரிய அதிசயம்? கோழிக் காலுக்கு மஞ்சள் அரைச்சுக் கட்டிட்டு, அப்புறமா ஆறஅமரப் போய்ச் சொன்னேன்.

எங்க ஊரு செம்மணல்துறை. முன்னால கடல், பின்னால தேரி. தேரின்னா செக்கச்செவேல்னு மணல் மேடு. ஆடிக் காத்து கிளம்பிட்டா அது எழும்பி வந்து எங்க கண்ணுல விழும், சோத்துல விழும், பிள்ளைத் தொட்டில்ல விழும், கோயில் தீர்த்தத் தொட்டியிலயும் விழும், சாமியார் தொட்டு நெத்தியில சிலுவை போட்டா சிவப்பாக் கோடு நிக்கும். அதனால ஒரு பொம்பளை நாளைக்கு மூணு தடவை வாசலைத் தூத்தியாகணும், இல்லேன்னா வீட்டைத் தோண்டித்தான் எடுக்கணும். அப்படிப்பட்ட ஊர்ல ஒரு கட்டு உண்டு: ஆம்பளை கடலுக்கு இறங்கினா, அவன் வள்ளம் கண்ணை விட்டு மறையுற வரைக்கும் வாரியலை, அதான் வெளக்குமாத்தை, தொடக்கூடாது. தொட்டா அவன் கால்தடம் அழிஞ்சுரும், தடம் அழிஞ்சா வீட்டுக்கு வழி தெரியாது. கடைசி வள்ளமும் மறைஞ்சதும் கோயில்பிள்ளை மாடத்துல நின்னு சின்ன மணியை ஒரு தட்டு தட்டுவாரு. அந்தச் சத்தம் கேட்டதும் நூத்துச் சொச்சம் வீட்டு வாசல்லயும் நூத்துச் சொச்சம் வாரியல் ஒண்ணாக் கிளம்பும் பாருங்க, வெளியூர்க்காரன் கேட்டா மழை வந்துட்டுன்னு துணி எடுக்க ஓடுவான்.

அன்னைக்கு மணி அடிக்கதுக்கு முன்னாலேயே ஒரே ஒரு வாரியல் சத்தம் கேட்டுச்சு. நான் கேட்டேன். என் பேரு லெத்தீசியா, அமலி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு ஓலை வேலிதான், அங்க தும்முனா இங்க நான் 'சேசுவே காப்பாத்தும்'னு சொல்லுவேன்.

சண்டை ஒரு கல் உப்புக்கு. மத்தியானம் மூணு மணிக்குக் கடலுக்குப் போக வேண்டிய கஸ்பார் சோத்துல கை வச்சான், சாளைக் குழம்புல உப்பு இல்ல. "கடலுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு உப்பு இல்லாமக் குழம்பு வைக்க ஒன்னாலதாம்ட்டி முடியும், ஒங்க அம்மை வளர்ப்பு அப்படி"ன்னான். அம்மையை இழுத்தா எவளுக்குப் பொறுக்கும்? "எங்க அம்மையைச் சொன்ன வாயால என் சோத்தைத் திங்காண்டாம், போங்க"ன்னா. அவன் எழும்பிட்டான். தட்டுல இருந்ததை அப்படியே தூக்குச்சட்டியில கவுத்து மூடி அவன் கையில திணிச்சுட்டு, அடுத்து ஒரு வார்த்தை சொன்னா. அதைத்தான் சொல்லியிருக்கக்கூடாது. "போனா போன எடத்துலயே இருங்க. திரும்பி வராதீங்க." படார்னு கதவைச் சாத்துன சத்தம் கேட்டுச்சு. சோறு ஒரு கொதி வர்ற நேரம் போயிருக்கும். மறுபடியும் கதவு திறந்துச்சு, சரட் சரட்னு வாரியல் கேட்டுச்சு. ஏட்டி, மணி அடிக்கலியேன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஊர் வம்பெல்லாம் பேசுற நாக்கு, பேச வேண்டிய அந்த ஒரு நேரத்துல பேசாமப் போச்சு.

மூணாம் நாள், ஒத்தையில போனவன் வள்ளம் மட்டும் வந்துச்சு. கஸ்பார் தம்பி ரெமியும் இன்னும் நாலு பேரும் போய்க் கட்டி இழுத்துக்கிட்டு வந்தாவ. வலை இருக்கு, எஞ்சின் இருக்கு, ஆளு இல்ல, தூக்குச்சட்டியும் இல்ல. எங்க வழக்கப்படி ரெமியும் சேக்காளிகளும் வள்ளத்தைக் கரையேத்திக் கவுத்திப் போட்டாவ. செத்தவன் வள்ளம் நாப்பது நாள் வானத்தைப் பார்க்கக்கூடாது, அவன் பார்க்காத வானத்தை அது எதுக்குப் பார்க்கணும்னு ஒரு கணக்கு. அன்னைக்குச் சாயங்காலம் குழாயடியில நான் வாயைத் திறந்தேன். "மணிக்கு முன்னால வாரியல் சத்தம் கேட்டுச்சு"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். குடம் நிறையுறதுக்குள்ள அது தெரு முழுக்கப் போயிட்டு. விளக்கு வைக்கதுக்குள்ள ஊரே ஒத்த வாயாச் சொல்லிட்டு, புருசனை வாரியலால கொன்னுட்டான்னு. கஸ்பாரோட அம்மை பிரகாசி நடு வாசல்ல உக்காந்து மண்ணை வாரித் தலையில போட்டுக்கிட்டு, "என் பிள்ளை வழியைத் தூத்தி எறிஞ்சிட்டாளே பாவி"ன்னு கத்தினா. அமலி ஒரு மறுப்பும் சொல்லல. "ஆமா, தூத்தினேன்"னு மட்டும் சொன்னா. அன்னையிலிருந்து அவ உப்பைத் தொடல.

அப்புறந்தான் இந்தக் கல்லு.

ரெமி கடப்பாரை கொண்டு வந்து நெம்பினான். நீளவாக்குல ஒரு கதவுப் பலகை அளவுக்கு, நாலு விரக்கடை கனத்துல, ஒரு தலை வீட்டைப் பார்க்க ஒரு தலை கடலைப் பார்க்க, கல்லு முழுசா எழும்பிச்சு. மேல்பக்கம் முருங்கை இலையும் என் கோழி எச்சமுமாக் கிடந்துச்சு, யாரும் அதை ஏறிட்டும் பார்க்கல. தூக்கின நாலு பேரும், யாரும் சொல்லாமலேயே, பக்கவாட்டுல புரட்டி அதைக் கவுத்திப் போட்டாவ. கை பழக்கம். செத்தவன் பொருள்னாலே கவுத்துற கைதான் எங்க ஆம்பளைங்க கை. கவுத்தினதும் ரெமி கடப்பாரையைக் கீழே போட்டுட்டான். கல்லு மேல காலடி. மூணு எட்டு. பதிஞ்ச காலடி இல்ல, புடைச்ச காலடி. சட்டியில இருந்து எழும்புற அப்பம் மாதிரி கல்லுக்குள்ள இருந்து கால் எழும்பி நிக்கு. ஒரு காலுக்குச் சுண்டுவிரல் இல்ல.

கஸ்பாருக்குச் சுண்டுவிரல் கிடையாது. நங்கூரக் கயிறு சுத்தி இழுத்ததுல போனது, ஊருக்கே தெரியும். பிரகாசி கல்லு மேல விழுந்து அந்தக் காலைக் கட்டிக்கிட்டா. ரெமிதான் மொதல்ல சொன்னான், "இது இடது காலுல்லா? அண்ணனுக்கு வலது காலுல்லா விரல் போச்சு?" பிரகாசி தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தா. "பெத்தவளுக்குத் தெரியாதால? இடது கால்தான்." அவ்வளவுதான். அஞ்சே நிமிசத்துல ஊருக்கே அது இடது கால்தான்னு ஞாபகம் வந்துட்டு. கட்டுப் போட்ட கம்பவுண்டர் இடது கால்னாரு, விரல் போன அன்னைக்குக் கூட வள்ளத்துல இருந்தவன் இடது கால்னான், நானும் இடது கால்னேன். அமலி மட்டும் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு மெதுவா, "வலது கால்"னு சொன்னா. புருசனைக் கொன்னவ பேச்சை யாரு காதுல வாங்குவா?

கல்லை அவ வாசல்லேயே ஒரு பெஞ்சுல தூக்கி வச்சாவ. மெழுகுதிரி வந்துச்சு, பிச்சிப்பூ வந்துச்சு, ஏழு மணி செபமாலை கோயில்ல இருந்து அங்க மாறிச்சு. செபம் முடிஞ்சதும் கல்லைப் படிக்கதுதான் வேலை. விரல் நுனியெல்லாம் கடலைப் பார்க்க இருக்கு, குதிகால் வீட்டைப் பார்க்க இருக்கு, எட்டு ஒவ்வொண்ணும் அகலமா இருக்கு, ஆக அவன் கோவத்தோட விறுவிறுன்னு போயிருக்கான், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலன்னு ஊரு தீர்ப்புச் சொல்லிட்டு. ஒவ்வொரு நாளும் அதையே சொல்லுவாவ, ஒவ்வொரு நாளும் அமலி அதைக் கேட்டுக்கிட்டு மெழுகுதிரியை ஏத்தி வைப்பா. ஒரு நாள் வேலி வழியா என்கிட்ட கேட்டா, "அக்கா, ஒரு மனுசன் மூணு எட்டு வைக்கதுக்குள்ள கோவம் தீர்ந்துராதா?" தீர்ந்துருந்தா திரும்பி வந்துருப்பான்ட்டின்னு சொன்னேன். இப்பம் நெனச்சா என் வாயிலேயே அடிச்சுக்கத் தோணுது.

கல்லு வந்த பிறகு ஊரு மாறிப் போச்சு. கடல்ல ஆளைப் பறிகொடுத்த வீடு எங்க ஊர்ல இருபத்தொண்ணு. இருபத்தொரு வீட்டுப் பொம்பளைங்களும் பழைய வாரியலைத் தேடி எடுத்து, அவன் கடைசியாப் படுத்த எடம், பல் விளக்கின எடம், பீடி குடிச்ச எடம்னு தூத்தித் தூத்தி முருங்கை மூட்டுல குவிச்சு வச்சு எட்டு நாள் காத்துக் கிடந்தாவ. முருங்கை இல்லாதவ பக்கத்து வீட்டு முருங்கையைக் கடன் கேட்டா. என் தம்பி கடலோட போய்ப் பதினோரு வருசம். நானும் ஒரு குவியல் வச்சேன், விடிஞ்சதும் போய் விரலால அமுக்கிப் பார்ப்பேன், பொலபொலன்னு சரியும். எட்டு நாள், இன்னொரு எட்டு நாள். பூனை அதுல பேண்டு மூடினதுதான் மிச்சம். யாருக்கும் கல்லாகல. "அவளுக்கு மட்டும் எப்படி ஆச்சு? கொன்னவளுக்குக் கொடுக்குறீரு, காத்துக் கிடக்கவளுக்குக் கொடுக்க மாட்டீரா?"ன்னு ஒருத்தி கோயிலுக்குள்ள நின்னே கர்த்தரைச் சட்டையைப் பிடிச்சா.

அப்புறம் ஒரு பயம் பிடிச்சுது. எதைத் தூத்துறோம்னு தெரியாமத் தூத்தி, இருக்கவன் தடத்தையும் அழிச்சிட்டா? மணி அடிச்ச பிறகும் யாரும் வாரியலைத் தொடல. முதல் வாரம் வாசப்படி ஒண்ணைக் காணோம், ரெண்டாம் வாரம் ரெண்டைக் காணோம். கதவு பாதிதான் திறந்துச்சு, தடிச்ச ஆளுக சன்னல் வழியாப் போய் வந்தாவ. ஆடு மணல் மேட்டுல ஏறி ஓட்டு மேல நின்னு மேய எதுவும் இல்லாமக் கத்திச்சு. பெண் பார்க்க வந்த தூத்துக்குடிக்காரங்க தெருவைப் பார்த்துட்டு, கொண்டு வந்த மிச்சர் பொட்டலத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாவ. சாமியார் ஞாயித்துக்கிழமை பூசையில, "பிள்ளைகளா, மண்ணைக் கும்பிடாதீங்க, மண்ணைக் கூட்டுங்க"ன்னு சத்தம் போட்டாரு. போட்டவரு இறங்கி வரும்போது பீடத்துல கிடந்த மண்ணைக் காலால தட்டிவிடாம ஓரமாச் சுத்தி நடந்து போனதை நாங்க எல்லாரும் பார்த்தோம்.

நாப்பதாம் நாள் நெருங்கிச்சு. உடம்பு கிடைக்காதவனுக்கு நாங்க நாப்பதாம் நாள் அவன் சட்டையைப் பெட்டியில வச்சுக் கல்லறைத் தோட்டத்துல புதைப்போம். சட்டை வச்ச பெட்டிக்குக் கனம் ஏது? ஆனா தூக்குறவங்க கனத்த பெட்டியைத் தூக்குற மாதிரியே முட்டி மடங்கி, மூச்சு வாங்கி, பாதி வழியில ஒரு தடவை இறக்கி வச்சுத் தோள் மாத்தித்தான் நடப்பாவ. அது செத்தவனுக்குச் செய்யுற மரியாதை. இந்தத் தடவை அந்த நடிப்பு வேண்டாம், கஸ்பாரோட உடம்பு இந்தக் கல்லுதான், இதையே புதைப்போம்னு ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சாவ. அமலிக்கிட்ட கேட்கல. சொல்ல மட்டும் செஞ்சாவ. "கொண்டு போங்க. ஆனா அவுக என்னை மன்னிக்காமலேதான் போனாவன்னு தெரிஞ்சுக்கிட்டு நான் புதைக்கணும். அது தெரியாம இருந்தாலாவது எப்படியாவது இருந்துருப்பேன்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

முப்பத்தொம்பதாம் நாள் காலையில ஒரு ஜீப்பு வந்துச்சு. கல்லையும் மண்ணையும் ஆராயுற ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம், மெகராஜ் பானுன்னு பேரு, முக்காட்டுக்கு மேல வெயிலுக்குத் தொப்பி, தோள்ல ஒரு பை. யாரோ போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்களாம், பார்த்துட்டு எழுதிக் கொடுக்கணுமாம். ஜீப்பு தெருவுல புதைஞ்சு போச்சு, மேடத்தை ரெமிதான் மணல்ல நடத்திக் கூட்டிக்கிட்டு வந்தான். பெட்டியில வைக்கதுக்காக நாங்க அப்பந்தான் கல்லு மேல கிடந்த மெழுகைச் சுரண்டிக்கிட்டு இருந்தோம். மேடமும் முழங்காலைப் போட்டு உக்காந்து கூடவே சுரண்டினாங்க. அதுலேயே எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு.

மொதல்ல கல்லு ஓரத்தைப் பெருவிரலால தேய்ச்சாங்க, மண்ணு உதிர்ந்துச்சு. உதிர்ந்ததை உள்ளங்கையில வச்சு ஒரு கண்ணாடியால பார்த்தாங்க. ஒரு குப்பியில இருந்து ஒரு சொட்டு விட்டாங்க, கல்லு புஸ்ஸுன்னு நுரைச்சுச்சு, பிரகாசி சிலுவை போட்டுக்கிட்டா. கடைசியா ஒரு கை தண்ணியை ஊத்தினாங்க. தண்ணி ஓடல, ஒழுகல. நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கல்லு உறிஞ்சிருச்சு. "என் பிள்ளைக்குத் தாகம்"னு பிரகாசி அழுதா. "கடல்ல கிடக்கவனுக்கு நல்ல தண்ணி யாரு கொடுப்பா? ஊத்துங்க தாயி, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க." மேடம் என்ன நெனச்சாங்களோ, பாட்டில் தண்ணி முழுசையும் ஊத்தினாங்க.

"இது மணற்கல்லும்மா"ன்னாங்க. "மலை தேஞ்சு மண்ணாகும். காத்தும் தண்ணியும் அதை எங்கிருந்தோ கொண்டு வந்து ஓர் எடத்துல படிய வைக்கும். படிஞ்சது மேல இன்னும் படியும், கனம் அமுக்கும். உங்க கிளிஞ்சல் சுண்ணாம்பும் தேரி மண்ணுல இருக்குற இரும்பும் நடுவுல ஊறி, பசை மாதிரி பிடிச்சுக்கும். அதான் நுரைச்சுது, அதான் சிவப்பு. மணலுக்கு மணல் இடைவெளி இருக்கும், அதான் தண்ணி குடிக்குது."

"எத்தனை நாள் ஆகும் மேடம்?"னு ரெமி கேட்டான்.

"நாளா? லட்சக்கணக்கான வருசம். சில கடற்கரையில சீக்கிரம் இறுகும், அப்பவும் எட்டு நாள்ல ஆகாது. அதைவிட, தூத்திக் குவிச்ச மண்ணுல தடம் நிக்கவே நிக்காது. கலைஞ்சுரும்ல?"

"ஆகாதுதான் மேடம். ஆனா ஆயிருச்சு."

அமலி, "எனக்கு அத்தனை வருசம் ஆயிருச்சு மேடம்"னா.

மேடம் குனிஞ்சு காலடியைத் தடவினாங்க. தடவின கை சுண்டுவிரல் இல்லாத எடத்துல நின்னுச்சு. "இவருக்கு விரல் இல்லாதது எந்தக் கால்ல?" இடது கால்லன்னு ஊரே சொல்லிச்சு, பிரகாசி ரெண்டு தடவை சொன்னா. மேடம் அமலியைப் பார்த்துக் கேட்டாங்க, "நீங்க சொல்லுங்கம்மா."

"வலது கால். ஆறு மாசம் நான்தான் மருந்து வச்சுக் கட்டுனேன். என் மடியில வச்சுக் கட்டுன காலு மேடம், எனக்கு எப்படி மறக்கும்?"

மேடம் எழும்பி நின்னுட்டாங்க. "யாராவது இந்தக் கல்லைக் கவுத்துனீங்களா?"

ஆமா, கவுத்தினோம், செத்தவன் பொருளைக் கவுத்தாமலா வைப்பாவன்னு நாங்க கோரசாச் சொன்னோம். மேடம் தலையில கை வச்சுக்கிட்டாங்க. "கால் மண்ணுல மிதிச்சா குழிதானே விழும்? புடைக்குமா? அந்தக் குழிக்குள்ள மேல இருந்து மண்ணு விழுந்து இறுகுனா, அந்தக் கல்லோட அடிப்பக்கம் கால் மாதிரி புடைச்சு நிக்கும். நீங்க இத்தனை நாளா மெழுகுதிரி வச்சது கல்லோட அடிப்பக்கத்துக்கு. அடியில இருந்து பார்த்தா வலது இடதாத்தான் தெரியும். கீழ படியுறது முதல்ல நடந்தது. மேல படியுறது அதுக்கு அப்புறம் நடந்தது. அப்புறம் நடந்ததை நீங்க யாரும் இன்னும் பார்க்கவே இல்ல."

ரெமியும் இன்னும் மூணு பேரும் கல்லைப் புரட்டினாவ. பூவோட காம்பும், காஞ்ச முருங்கை இலையும், என் கோழி எச்சமும் ஒட்டிக் கிடந்துச்சு. மேடம் பையில இருந்து ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்துக் கொஞ்சங் கொஞ்சமாத் தட்டிவிட்டாங்க. மொதல்ல ஒரு குதிகால் குழி தெரிஞ்சுச்சு. அப்புறம் இன்னொண்ணு, பக்கத்துலேயே. ரெண்டு காலும் ஒண்ணா, சேர்த்து வச்ச மாதிரி, பதிஞ்ச கால். வலது காலுக்குச் சுண்டுவிரல் இல்ல. விரல் நுனி எல்லாம் வீட்டைப் பார்க்க இருந்துச்சு. முன்னங்கால் ஆழமாப் பதிஞ்சிருந்துச்சு, முன்னால சாய்ஞ்சு நின்னவன் கால். வலது காலுக்குப் பக்கத்துல வட்டமா ஒரு தடம். அதைத் தூக்குச்சட்டின்னு சொல்லித் தர எங்களுக்கு ஆபீஸ் வேண்டாம்.

"போயிருக்காரு"ன்னாங்க மேடம். "போயிட்டுத் திரும்பி வந்திருக்காரு. கையில இருந்ததைக் கீழ வச்சிட்டு நின்னுருக்காரு."

அமலி கல்லுக்கு முன்னால உக்காந்து அந்த ரெண்டு குழியிலயும் ரெண்டு உள்ளங்கையை வச்சா. அவ அழுவான்னு நாங்க நெனச்சோம். அவ சாதாரணமாப் பேசுற மாதிரி பேசினா. "கதவைச் சாத்திட்டு நான் அங்கேயேதான் உக்காந்துருந்தேன். கதவுல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு. என்னமோ உரசுன மாதிரி கேட்டுச்சு, லெத்தி அக்கா ஆடுன்னு நெனச்சேன். போ சனியனேன்னுகூடச் சொன்னேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவுக நின்னுருக்காவ."

"தட்டியிருக்கலாம்ல அவன்?"னு ரெமி தேம்பினான். "ஒரு தட்டு தட்டியிருக்கக்கூடாதா மைனி?"

"எப்படித் தட்டுவாவ? நான்தான் திரும்பி வராதீங்கன்னு சொன்னேனே."

பிரகாசி, இத்தனை நாளா மருமவ முகத்தைப் பார்க்காதவ, எழும்பிப் போய் அவ பக்கத்துல உக்காந்தா. தன் முந்தானையால அமலி முகத்தைத் துடைச்சுவிட்டா, அது ஈரமாவே இல்ல, இருந்தும் துடைச்சா. அப்பந்தான் அமலி அழுதா. அந்தச் சத்தத்தை நான் சொல்ல மாட்டேன். மன்னிச்சுட்டான்னு தெரிஞ்சுக்கிட்டதுதான் அவளை உடைச்சுச்சு; கோவத்தோட போனான்னு நெனச்சப்பகூட அவ இப்படி அழல. மேடம் தன் நோட்டுல மணற்கல்னு ஒத்த வார்த்தை எழுதி மூடிட்டு, கிளம்பும்போது அமலிக்கிட்ட சொன்னாங்க, "தண்ணி படாமப் பார்த்துக்குங்கம்மா. பிடிச்சிருக்குற சுண்ணாம்பு லேசானது. கரைஞ்சா பழையபடி மணலாயிரும்."

நாப்பதாம் நாள் பெட்டியில சட்டைதான் போச்சு. தூக்கின நாலு பேரும் முட்டி மடங்கல, மூச்சு வாங்கல, அழுதுக்கிட்டே லேசான பெட்டியை லேசாவே தூக்கிட்டுப் போனாவ. திரும்பி வரும்போது கஸ்பார் வள்ளத்தை நிமித்தி வச்சாவ. கல்லை அமலி வீட்டு வாசல்ல, படிக்கு முன்னால, அவன் நின்ன எடத்துலேயே, நிமித்தித்தான் போட்டாவ, விரல் வீட்டைப் பார்க்க. ஊரு பழையபடி மணி அடிச்சதும் தூத்த ஆரம்பிச்சுட்டு. சன்னல் வழியாப் போன தடிச்ச ஆளுக கதவு வழியாப் போனாவ.

நானும் ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் போனேன். "அமலி, குழாயடியில மொதல்ல சொன்னது நான்தான்ட்டி"ன்னேன். அவ முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா, தலையைத் தூக்கல. "தெரியும்க்கா. தூத்தினது நான்தானே"ன்னா. ஆய்ஞ்ச கீரையில பாதியை எனக்குக் கொடுத்தா. வாங்கிக்கிட்டு வந்தேன், அன்னைக்குச் சோறு இறங்கல.

அன்னையிலிருந்து அந்த வீட்டுக் கதவை அவ சாத்தல. மழைக்கும் சாத்தல, ஆடிக் காத்துக்கும் சாத்தல. மூணு மணி ஆனா உப்புப் போட்டுச் சமைச்சதை அடுப்புல வச்சிட்டு, செம்புல தண்ணி எடுத்துக்கிட்டு வந்து, கடல்ல இருந்து வந்தவனுக்குக் கால் கழுவ ஊத்துற மாதிரி அந்த ரெண்டு குழியிலயும் ஊத்துவா. "கதவு திறந்துதான் கிடக்கு, உள்ள வாங்க"ம்பா. கல்லு தண்ணியைக் குடிச்சிரும். கரைஞ்சுரும்ட்டி, மேடம் சொன்னாங்கல்லான்னு நானும் சொன்னேன், ரெமியும் சொன்னான், பிரகாசி மட்டும் சொல்லல. பிரகாசி தான் ஒரு செம்பு எடுத்துக்கிட்டு வந்து கூட ஊத்தினா.

மொதல்ல விரல் மழுங்கிச்சு. அப்புறம் தூக்குச்சட்டி வட்டம் போச்சு. நாலு வருசத்துல கல்லு ஓரம் ஓரமாப் பொலபொலன்னு உதிர்ந்து, போன ஆடியில அடிச்ச காத்துக்கு மிச்சமும் மணலாகி, படி ஏறி, நிலையைத் தாண்டி, திறந்து கிடந்த கதவு வழியா வீட்டுக்குள்ள போயிட்டு. இப்பம் வாசல்ல கல்லு இல்ல. நடையில இருந்து அடுக்களை வரைக்கும், சாப்பிட உக்காருற எடம் வரைக்கும், சிவப்பா ஒரு விரக்கடை மணல் கிடக்கு. அமலி அதைத் தூத்துறது இல்ல. சுவரோரமா நடந்துக்குவா.

நாங்க யாரும் அந்த வீட்டுக்குள்ள போறதில்ல. மோர் கேட்கப் போனாலும், நல்லது கெட்டது சொல்லப் போனாலும், படியிலேயே நின்னு பேசிட்டு வந்துருவோம். அவன் எத்தனை நாள் நின்னு இப்பந்தான் உள்ள போயிருக்கான், நாம எதுக்கு மிதிக்கணும்.